கடல் வாங்கும் இடம்: நெய்வேலியிலிருந்து ஒரு பலகைப் பயணம்

கடலூர்ப் பக்கம் அலைச்சறுக்கு பழக எந்தக் கரை நல்லது என்று இரண்டு பேர் கேட்டு எழுதியிருந்தீர்கள். எழுபதை நெருங்கும் ஓய்வுபெற்ற டீச்சரிடம் கேட்கிற கேள்வியா இது என்று வீட்டில் ஒரே சிரிப்பு. சிரிக்கட்டும். நீங்கள் சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறீர்கள். 1983-இல், அலைச்சறுக்கு என்ற சொல்லே காதில் விழாத காலத்தில், நானும் என் வீட்டுக்காரர் செல்வராஜும் நெய்வேலி டவுன்ஷிப்பிலிருந்து ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போய்வந்தவர்கள். நாங்கள் அதைப் ‘பலகை ஏறுவது’ என்போம்.

ஆரம்பித்தது அந்த வருடத்து மாசி மகத்தில். தேவனாம்பட்டினத்தில் சாமி தீர்த்தவாரிக்கு வந்திருந்தது. கூட்டம் முழுக்க சாமியைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் மட்டும் கடலைப் பார்த்தேன். ஒரு கட்டுமரம் கரைக்கு வந்துகொண்டிருந்தது. பின்னால் ஒருவர் மண்டியிட்டுத் துடுப்பைப் பிடித்திருந்தார். ஓர் அலை எழும்பி அந்த மரத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து மணலில் விட்டுப் போனது. நான் திண்டுக்கல்காரி. குடிக்கிற தண்ணீருக்கே குழாயடியில் சண்டை போட்டு வளர்ந்தவள். ஒரே ஒருமுறை நானும் இப்படி வரவேண்டும், யாரும் கையைப் பிடிக்காமல் நானே வரவேண்டும் என்று அங்கேயே ஆசை வந்துவிட்டது. திரும்பும் பஸ்ஸில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். “பலகை செய்யணும்னா பிளைவுட்தான் தோது” என்றார். இந்த ஒரு பதிலுக்காகவே இவரைக் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று தோன்றியது. ஏற்கெனவே ஆகியிருந்தது.

அவருக்குச் சுரங்கத்தில் பம்ப் வேலை. நெய்வேலியில் நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் மேலே ஆட்கள் வேலை செய்ய முடியும். மட்டம் கீழே போய்விட்டால் ‘தண்ணி வாங்கிடுச்சு’ என்பார்கள். இனி பயமில்லை, இறங்கலாம் என்று அர்த்தம். ஷிஃப்ட் முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே “இன்னிக்கு நல்லா வாங்கிடுச்சு” என்றாரானால் அன்றைக்குக் குழம்பில் உப்பு இல்லாவிட்டாலும் பேசாமல் சாப்பிடுவார்.

பலகை விஷயத்துக்கு வருகிறேன். இயந்திரங்கள் வந்திறங்கும் பெரிய மரப்பெட்டிகளின் பிளைவுட் மந்தாரக்குப்பம் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். ஐந்தடி நீளம், ஒன்றேகால் அடி அகலத்தில் ஒரு துண்டு வாங்கி, பக்கத்திலிருந்த தச்சரிடம் முன்பக்கத்தை வளைவாக அறுத்து இழைத்துத் தரச் சொன்னோம். “வாசக்காலா, ஜன்னலா, எதுக்குங்க இது?” என்று மூன்று தடவை கேட்டார். தண்ணீர் ஊறாமல் இருக்கப் பண்ருட்டியிலிருந்து முந்திரிக்கொட்டைத் தோல் எண்ணெய் வாங்கிவந்து பூசினோம். படகுக்குப் பூசுவார்களே, அதுதான். நீங்களும் செய்வதாக இருந்தால் ஒரு வாரம் நல்ல வெயிலில் காயவிடுங்கள். நான் நான்காம் நாளே ஆசையாகத் தடவிப் பார்த்து உள்ளங்கை பொத்துப்போய், விடைத்தாள் திருத்த முடியாமல் நின்றேன்.

மே மாதம் எனக்குப் பள்ளி விடுமுறை. அவருக்கு வீக்லி ஆஃப் புதன்கிழமை. முதல் புதன் காலை 5.20 பஸ். டவுன்ஷிப்பிலிருந்து வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாகக் கடலூர் சுமார் நாற்பது கிலோமீட்டர். ஒன்றேகால் மணி நேரம். டிக்கெட் ஆளுக்கு இரண்டு ரூபாய் எண்பது காசு. பலகையைப் பார்த்ததும் கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

“இன்னா சார் இது, கதவா?”

“பலகைங்க. கடல்ல ஏறி வர்றதுக்கு.”

“கடல்ல ஏறியா?” கண்டக்டர் என்னையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். “கதவுன்னே போட்டுக்கறேன். லக்கேஜு ஒரு ரூபா.”

கடலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து தேவனாம்பட்டினம் மூன்றரை கிலோமீட்டர் இருக்கும். சைக்கிள் ரிக்‌ஷாவுக்கு நான்கு ரூபாய் கொடுத்தோம். ஏழரைக்கெல்லாம் மணலில் நின்றோம். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கோடையில் காலை பத்தரை வரைக்கும்தான் அலை ஒழுங்காக வரிசையில் வரும். அதற்குமேல் கடற்காற்று எழும்பிவிட்டால் தண்ணீர் கலைந்த தலைமுடி மாதிரி ஆகிவிடும். சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்புகிறவர்கள் கடலைப் பார்த்துவிட்டுச் சுண்டல் தின்றுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

குப்பத்தின் வடக்கு ஓரத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் உடை மாற்ற இடம் கேட்டோம். பெயர் அஞ்சலை. நாற்பது வயது இருக்கலாம். வெற்றிலை வாய், வெயிலில் சுருங்கிய கண். புடவையோடு அலையில் இறங்கினால் கால் சிக்கிக்கொள்ளும் என்று வீட்டுக்காரருடைய பழைய காக்கி யூனிஃபார்மை நான் கொண்டுபோயிருந்தேன். குடிசைக்குள்ளிருந்து பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தவளைப் பார்த்து அஞ்சலை வெற்றிலையை விழுங்கிவிட்டாள்.

“யம்மாடி, டீச்சரம்மா போலீஸ்காரன் கணக்கா இருக்கிறீங்களே!”

அன்றிலிருந்து பலகை அஞ்சலை வீட்டிலேயே தங்கியது. ஒரு ரூபாய் லக்கேஜும் கண்டக்டரின் பார்வையும் மிச்சம்.

இடங்களைத் தரம் பிரித்தது என் வீட்டுக்காரர். டவுன்ஷிப் மூளை எப்படி வேலை செய்யும் என்று உங்களுக்குத் தெரியாதது அல்ல. இடுப்பளவு தண்ணீரில் அலை உடைந்து வெறும் நுரையாக வருகிற இடம் அப்ரண்டிஸ். நெஞ்சளவில் அலை உடையப் போகிற நேரத்தில் பிடிக்க வேண்டிய இடம் கான்ட்ராக்ட், ஏனென்றால் இன்றைக்கு இருக்கும் மணல்திட்டு அடுத்த வாரம் அங்கே இருக்காது. தூரத்தில் ஆற்று வாய்க்குப் பக்கத்தில் எப்போதும் உடைந்துகொண்டே இருக்கும் பெரிய அலை பெர்மனெண்ட். தேவனாம்பட்டினத்துக் கரைக்கு நேர் எதிரே அப்ரண்டிஸுக்குக் குறைவில்லை. அங்கே பலகைமேல் குப்புறப் படுத்து, நுரை தள்ளத் தள்ளப் பத்தடி, பதினைந்தடி போய் மூக்கில் மணலோடு எழுந்தேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் பின்னாலிருந்து அவர் கை பலகையைப் பிடித்திருந்தது. விடுங்கள் என்றால் விட மாட்டார். “விட்டா போயிடுவ” என்பார். போவதற்குத்தானே வந்திருக்கிறேன்!

இரண்டாம் புதன் மணலிலேயே வடக்கே ஒரு மணி நேரம் நடந்து தாழங்குடா போனோம். பெண்ணையாறு கடலில் சேரும் இடம். அலை அழகாகத்தான் இருந்தது. அழகு வேறு, நமக்கு ஆகிறது வேறு. ஆறும் கடலும் இழுத்துக்கொள்ளும் இடத்தில் புதியவர்களுக்கு வேலையில்லை. கரையில் உட்கார்ந்து கொண்டுபோன புளிச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு மரியாதையாகத் திரும்பினோம். “நான் இருக்கேன்ல, கெணத்துல நீந்தாத நீச்சலா” என்று அவர் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன். அவர் பிறந்து வளர்ந்த கோவில்பட்டிப் பக்கத்துக் கிணறுகளில் எத்தனை மாதம் தண்ணீர் இருக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

மூன்றாம் புதன்தான் விஷயம்.

அன்றைக்கு நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், இன்று யாரும் பலகையைப் பிடிக்கக் கூடாது என்று. இன்னும் ஒரு வாரம்தான் விடுமுறை. பள்ளி திறந்துவிட்டால் அவருடைய புதன்கிழமையும் என் ஞாயிற்றுக்கிழமையும் எப்போது சேரும் என்று யாருக்குத் தெரியும்? சரி, அப்படியானால் முதலில் அலையில்லாத இடத்தில் தனியாகப் படுத்துப் பழகு என்றார். அஞ்சலை வீட்டிலிருந்து வடக்கே ஐந்நூறு அடி தள்ளி, இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் வாய்க்கால் மாதிரி ஒரு பட்டை மட்டும் அலையே இல்லாமல் கருநீலமாகக் கிடந்தது. கையைக் காட்டி அஞ்சலையிடம் கேட்டார்.

“ஏம்மா, அந்த எடம் எப்படி?”

கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே அஞ்சலை நிமிர்ந்து பார்த்தாள். “அதுவா? அங்க கடலு வாங்கிகினு இருக்குதுங்க.”

“வாங்குதா? நல்லதாப் போச்சு” என்று தலையாட்டிவிட்டு அவர் நடந்தார். பின்னால் நானும் போனேன். குனிந்திருந்த அஞ்சலை நாங்கள் எந்தப் பக்கம் போகிறோம் என்று பார்க்கவில்லை. வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது, புரிந்தவர்கள்தானே என்று அவள் நினைத்திருக்கிறாள்.

இடுப்பளவு தண்ணீரில் பலகைமேல் படுத்தேன். அவர் கையை எடுத்துவிட்டுக் கரையேறிச் செருப்பை மாட்டிக்கொண்டார். அவ்வளவு சுகமாக இருந்தது. ஒரு குலுக்கல் இல்லை, மூக்கில் மணல் இல்லை. கண்ணை மூடி இருபது எண்ணியிருப்பேன். திறந்தபோது கரையில் அவர் சின்னதாகத் தெரிந்தார். காலைக் கீழே விட்டுப் பார்த்தேன், தரை இல்லை. அவர் இரண்டு கையாலும் வா வா என்று அழைத்தார். நான் கரையைப் பார்த்து நேராகத் துழாவினேன். எவ்வளவு துழாவினாலும் கரை தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. அம்மா என்று கத்தினேன். திண்டுக்கல்லில் இருக்கும் அம்மாவுக்கு எப்படிக் கேட்கும்?

அப்போதுதான் மணலில் அஞ்சலை ஓடிவருவது தெரிந்தது. ஓடிக்கொண்டே முந்தானையை உருவி வடக்குப் பக்கமாக வீசி வீசிக் காட்டினாள். காற்றில் குரல் விட்டுவிட்டு வந்தது.

“கரைக்கு வராத! வடக்கால போ! வடக்கால!”

முப்பது பிள்ளைகளை விரல் நுனியில் வைத்திருக்கும் நான் அந்தக் குரலுக்கு ஒன்றாம் வகுப்புப் பிள்ளையாகக் கீழ்ப்படிந்தேன். கரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு வடக்கே திரும்பித் துழாவினேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இழுப்பு மெல்ல விட்டது. பக்கத்தில் அலை உடையும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒன்று எழும்பி வந்துகொண்டிருந்தது. பலகையின் இரண்டு ஓரத்தையும் இறுகப் பிடித்தேன். பின்பக்கம் தூக்கியது, முன்பக்கம் சரிந்தது, அப்புறம் நான் எதுவும் செய்யவில்லை. கடல் என்னைக் கொண்டுபோனது. காதில் காற்று, முகத்தில் சாரல். சிரித்தேனா அழுதேனா என்று இன்றுவரை தெரியாது. மணலில் வயிறு உரசி நின்றபோதுதான் மூச்சு வந்தது.

எழுந்து நின்று திரும்பிப் பார்த்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. தெற்கே முந்நூறு அடி தூரத்தில் எல்லோரும் கூட்டமாக நின்றிருந்தார்கள். பலகையை இழுத்துக்கொண்டு ஓடினேன். நடுவில் என் வீட்டுக்காரர் ஒற்றைச் செருப்போடு மணலில் கவிழ்ந்து கிடந்து தண்ணீராகக் கக்கிக்கொண்டிருந்தார். வலை இழுத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் கயிற்றை வீசி அவரை இழுத்துப் போட்டிருந்தார்கள்.

தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். மூக்கிலும் வாயிலும் மணல்.

“எனக்கு நீச்சல் தெரியாது சரசு” என்றார்.

“அப்புறம் எதுக்குங்க எறங்குனீங்க?”

“நீ போய்க்கிட்டே இருந்தேல்ல.”

நான் குனிந்து அவர் முகத்து மணலைத் துடைத்தேன். அஞ்சலைதான் விடவில்லை. மூச்சு வாங்க அவர்முன் வந்து நின்றாள்.

“வாங்குதுன்னு சொன்னேனே சார்! சொன்னதுக்கு மண்டைய மண்டைய ஆட்டுனீங்களே!”

“எங்க மைன்ஸ்ல தண்ணி வாங்கிடுச்சுன்னா எறங்கலாம்னு அர்த்தம்மா.”

“நல்லா இருக்குது ஒங்க மைன்ஸு! இங்க வாங்குதுன்னா ஆள வாங்குதுன்னு அர்த்தம். கரைக்கு வந்த தண்ணியெல்லாம் திரும்பிப் போவ வேணாமா? அந்த வழியாத்தான் போவும். அதான் அங்க அலையே கெடையாது.”

எந்நேரமும் தண்ணீர் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்பதே பிழைப்பாக இருந்த மனிதர் அதைக் கேட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வீட்டில் நான்காம் நாள் மெதுவாகச் சொன்னேன், அன்றைக்கு நான் அலையில் ஏறித்தான் கரைக்கு வந்தேன் என்று. தட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். நம்பவில்லை. அவர் மனசைத் தேற்றுவதற்காகக் கதை கட்டுகிறேன் என்று நினைத்தார். அடுத்த புதன் வந்தது, போனது. கடல் என்ற பேச்சே வீட்டில் இல்லை. பள்ளி திறந்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு அலை ஏறினேன், அதைப் பார்த்த ஆள் இல்லை, சொன்னால் நம்ப வேண்டிய ஆள் நம்பவில்லை. சின்ன விஷயம்தான். எனக்கு அது முள்ளாகக் குத்தியது.

ஜூலையில்தான் தெரிந்தது, நைட் ஷிஃப்ட் முடிந்ததும் அவர் நேராக வீட்டுக்கு வருவதில்லை என்று. மந்தாரக்குப்பத்துக்கு அப்பால் கூட வேலை செய்கிறவரின் வயல் கிணற்றில், இடுப்பில் லாரி டியூபைக் கட்டிக்கொண்டு, முப்பத்துநான்கு வயதில் நீச்சல் பழகிக்கொண்டிருந்திருக்கிறார். தலை ஈரமாக வருவதைக் கேட்டால் மைன்ஸில் குளித்துவிட்டேன் என்பார். ஆகஸ்டில் வீக்லி ஆஃப் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது. சனிக்கிழமை சாயங்காலம், “நாளைக்கு அஞ்சு இருபது பஸ்” என்றார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

அந்த ஞாயிறன்று இடத்தைத் தேர்ந்தெடுத்தது அஞ்சலை. அவள் செய்ததை அப்படியே எழுதுகிறேன், நீங்கள் எந்தக் கரைக்குப் போனாலும் உதவும். முதலில் கரையில் நின்று ஒரு வெற்றிலை போட்டு முடிக்கும் நேரம், ஒரு பத்து நிமிடம், சும்மா தண்ணீரைப் பார்த்தாள். பிறகு ஒரு தேங்காய் மட்டையைத் தூக்கி வீசினாள். மட்டை கரைக்கே திரும்பி வந்தால் அங்கே இறங்கலாம். கரையோரமாக ஓடினால் கவனம். கடலுக்குள் போனால் துணியைக்கூட நனைக்காதே. மூன்று இடத்தில் வீசினாள். மூன்றாவது இடத்தில், “இங்க எறங்குங்க” என்றாள்.

அவளிடம் கற்றதையும் பிறகு வந்த வருடங்களில் நாங்களே பட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். முதல்முறை இறங்குகிறவர்களுக்குப் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, இடுப்பளவுக்கு மேல் வேண்டாம், நுரை மட்டும் போதும். நுரையில் பத்துமுறை விழாமல் வந்தவர்கள் மணல்திட்டுக்குப் போகலாம். திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும், ஆகவே போன மாதம் இருந்த இடத்தை நம்பாதீர்கள். அதிலும் தேறியவர்கள் சிதம்பரம் பஸ்ஸில் புதுச்சத்திரத்தில் இறங்கிக் கிழக்கே சாமியார்பேட்டைக்குப் போங்கள். நீண்ட கரை, கூட்டம் இல்லை, ஆனால் இழுத்தால் கயிறு வீசவும் ஆள் இல்லை. ஆற்று வாய்களைப் பழகியவர்களுக்கு விட்டுவிடுங்கள். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் ஐப்பசி, கார்த்திகையில் யாருமே இறங்க வேண்டாம். இதெல்லாம் அந்தக் காலத்துக் கரை. இன்று மணலும் மாறியிருக்கும், மனிதர்களும் மாறியிருப்பார்கள். அங்கேயே இருப்பவர்களைக் கேளுங்கள். அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால், உங்கள் ஊரில் அதற்கு என்ன பொருளோ அதை எடுத்துக்கொண்டு தலையாட்டாதீர்கள். இறங்கலாமா கூடாதா என்று ஒரே வார்த்தையில் பதில் வாங்குங்கள்.

அன்றைக்கு அவர் நெஞ்சளவு தண்ணீரில் திட்டுக்குப் பக்கத்தில் நின்றார். நான் பலகையோடு உள்ளே போய்க் காத்திருந்தேன். இரண்டு அலையை விட்டேன். மூன்றாவது தூக்கியது. அவரைத் தாண்டித்தான் வந்தேன். கடந்தபோது அவர் வாய் திறந்தபடி இருந்தது. மணலில் நின்று திரும்பிப் பார்த்தால், தண்ணீரை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு, நடக்கவும் நீந்தவும் தெரியாதவர் மாதிரி தடுமாறி ஓடிவந்துகொண்டிருந்தார்.

“அன்னிக்கும் இப்படித்தான் வந்தியா?”

“இப்படித்தாங்க வந்தேன்.”

“அப்ப நான் எறங்காமயே இருந்திருந்தாலும் நீ வந்திருப்ப” என்றார். முகம் விழுந்துவிட்டது.

கடைசியாக ஒரு யோசனை. யாராவது இழுபட்டால், நீச்சல் தெரியாதவர் ஒருநாளும் பின்னால் இறங்கக் கூடாது. மிதக்கிற எதையாவது வீசுங்கள், பக்கவாட்டில் போகச் சொல்லிக் கத்துங்கள், தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள். என் வீட்டுக்காரர் செய்தது முழு முட்டாள்தனம், அதைச் செய்யாதீர்கள். அவர் கரையிலேயே நின்றிருந்தாலும் நான் வந்து சேர்ந்திருப்பேன், உண்மைதான். ஆனால் நாற்பது வருடத்தில் அவர்மேல் கோபம் வந்து பெட்டியைக் கட்டிய நாட்களில் எல்லாம், நீச்சல் தெரியாத அந்த மனிதர் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து கடலில் விழுந்ததை நினைத்துத்தான் பெட்டியை அவிழ்த்திருக்கிறேன். முகம் விழுந்து நின்ற அந்த ஞாயிறன்று இதை அவரிடம் சொல்லத் தெரியவில்லை. “தலையத் துவட்டுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றேன்.